வாயு மூலைக் கழிப்பறை

அளத்துமேட்டில் "கவுன்சிலர்" என்று கூப்பிட்டால் புருஷோத்தமன் திரும்பிப் பார்ப்பார். ஓட்டு வாங்கி ஜெயித்தது அவர் மனைவி சுலோசனா. அவளை ஊர் "கவுன்சிலர் சம்சாரம்" என்றுதான் சொல்லும். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று கூப்பிடுகிறவனுக்கும் தோன்றியதில்லை, திரும்பிப் பார்க்கிறவருக்கும் தோன்றியதில்லை.

மரக்காணத்திலிருந்து பாண்டிக்குப் போகிற ரோட்டில், உப்பளங்கள் முடிகிற இடத்தில் கிடக்கிற சின்ன டவுன் அது. 2001 தேர்தலில் நாலாவது வார்டில் தான் நிற்கப் போவதாக முடிவு செய்துகொண்டு, கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று ஒன்றையும் விடாமல் போய் உட்கார்ந்து வந்தார் புருஷோத்தமன். சுவர்களில் பேரும் எழுதியாகிவிட்டது. கடைசி நேரத்தில் அந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் இரண்டு நாளாவது சோறு இறங்காமல் கிடந்திருப்பார். புருஷோத்தமன் பெயின்டரைக் கூப்பிட்டுத் தன் பேருக்கு மேல் "சுலோசனா" என்று சேர்க்கச் சொன்னார். இடம் போதாததால் அவள் பேர் பொடி எழுத்தில் விழுந்தது. நோட்டீசில் கைகூப்பி நின்றவரும் அவரேதான். ஜனங்கள் கொஞ்சமும் குழம்பவில்லை. யார் நிற்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஓட்டு எண்ணிய அன்று சுலோசனா அளத்தில் இருந்தாள். மழை பிடிப்பதற்குள் உப்புக் குவியல்களுக்குக் கீற்று வேய்ந்து மூடுகிற வேலை. கூட வேலை பார்க்கிற அம்சவல்லி வரப்பில் ஓடிவந்து, "எக்கா, ஜெயிச்சிட்ட!" என்று கத்தினாள்.

"எதுலடி?" என்றாள் சுலோசனா, கீற்றை விடாமல்.

சுலோசனா பெருமுக்கல் பக்கத்தில் பிறந்தவள். ஐந்தாவது வரை படித்தாள். மேலே படிக்க வைக்காததற்கு அவள் அப்பன் சொன்ன காரணம், பள்ளிக்கூடம் தூரம் என்பது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அதைவிடத் தூரத்தில் கிடைத்தபோது அந்தக் காரணம் எங்கே போனதோ தெரியவில்லை. வந்த மறுமாசமே அளத்தில் இறங்கினாள். விடியாத நேரத்தில் உப்புத் தண்ணீரில் கணுக்கால் முங்க நின்று உப்பை வாரிக் கூட்டி, கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி மேட்டில் கொட்ட வேண்டும். பாதம் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் உப்பு இறங்கும். அளம் தேசப்பனுடையது. தேசப்பன்தான் பஞ்சாயத்துத் தலைவரும். ஆகவே ஊரில் அவள் கூலிக்காரியாகவும், சபையில் அவருக்குச் சரிக்குச் சரியான உறுப்பினராகவும் இருந்தாள். இரண்டாவது விஷயம் அவர்கள் இருவரில் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

சுனாமி வந்துபோன மறு வருஷம், அளத்துமேடு பஸ் ஸ்டாண்டைப் புதுப்பிக்கப் பணம் வந்தது. "பயணிகள் வசதிக்காக" என்று ரோட்டோரம் போர்டு வைத்தார்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டு என்பது ஒரு சிமென்ட் கொட்டகை. அதன் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் சீமைக்கருவேலங்காடு. கொட்டகை ஆண்களுக்கு, காடு பெண்களுக்கு என்று யாரும் எழுதி வைக்காமலே ஊர் பாகம் பிரித்து வைத்திருந்தது. அளத்தில் வேலை முடித்து, திண்டிவனத்துக்கும் கிளியனூருக்கும் பஸ் ஏறுகிற பெண்களுக்கு அந்த முள்ளுக்காட்டை விட்டால் ஒதுங்க இடம் கிடையாது. அளம் என்பது வெட்டவெளி. ஒரு புல் பூண்டு முளைக்காத மண்ணில் எதன் மறைவில் உட்காருவது? வேலைக்கு வருகிற நாளில் விடியற்காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் வாயில் ஊற்றாமல் இருப்பார்கள். அடிக்கிற வெயிலில் உப்பு வாருகிறவர்கள் அவர்கள்.

அம்சவல்லிக்கு அந்தச் சித்திரையில் அடிவயிற்றில் குத்தல் எடுத்து, பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்து இருந்து வந்த வினை என்றார் சின்ன வயது டாக்டர். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"குடிக்கலாம் டாக்டரு. குடிச்சிட்டு எங்க போறது?" என்றாள் அம்சவல்லி. அவர் படித்த புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

புதுப்பிக்கிற வேலை தொடங்கியதும் முதலில் அழித்தது கருவேலங்காட்டை. பார்க்க லட்சணமாக இல்லையாம். அந்த இடத்தில் நீரூற்று வந்தது. நாலு பக்கமும் கடிகாரம் வைத்த கோபுரம் வந்தது; நாலும் நாலு நேரம் காட்டின. எல்லாம் சரி, பெண்களுக்குக் கழிப்பறையும் வருகிறதே என்று சுலோசனாவும் மற்றவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். இன்ஜினியர் போட்ட பிளானில் அது பின்பக்கம், தனிப் பாதையோடு இருந்தது. இன்ஜினியர் படித்தவர். ஆனால் தேசப்பனுக்குப் படித்தவர்கள் மேல் நம்பிக்கை வைக்கிற பழக்கம் இல்லை. பாண்டியிலிருந்து ஒரு வாஸ்து சாமியைக் காரில் கூட்டி வந்தார்.

சாமி கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு மூன்று சுற்று சுற்றினார். பஸ்கள் ஈசான மூலை வழியாக நுழைய வேண்டும் என்றார். அந்த மூலையில் குட்டை இருந்ததால் பஸ்கள் பிழைத்தன. கழிப்பறை பிழைக்கவில்லை. அது வாயு மூலையில்தான் இருக்க வேண்டும், வாசல் மேற்கே பார்க்க வேண்டும், வாசலுக்கு எதிரில் மறைப்பு எதுவும் கூடாது, வாயு தங்குதடையில்லாமல் உலாவ வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தட்சிணை வாங்கிக்கொண்டு போனார். வாயு மூலை என்பது ரோட்டோர மூலை. மேற்கே பார்த்தால் நேர் எதிரில் மரியதாஸ் டீக்கடை. ஊரில் வேலை இல்லாத ஆண்கள், வேலை இருந்தும் போகாத ஆண்கள், போய்விட்டுத் திரும்பிய ஆண்கள் எல்லோரும் காலை முழுக்க அந்தக் கடையின் இரண்டு பெஞ்சுகளில்தான் இருப்பார்கள். பார்வை கிழக்கே.

கட்டடம் எழும்பியது. ஒரே கட்டடம், நடுவில் தடுத்து இரண்டு பாகம். பெண்கள் பக்கம் கதவு வைத்து, மேலே தலை நிறையப் பூ வைத்த ஒரு பெண்ணின் முகம் வரைந்தார்கள். எதற்காகச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் அவள் ரோட்டைப் பார்த்துச் சிரித்தாள். ஆண்கள் பக்கம் கதவே இல்லை, இடுப்பளவுச் சுவர்தான். ஆண்களுக்கு எதற்குக் கதவு? அதற்குள்ளும் பாதிப் பேர் போவதில்லை. வெளிச்சுவர் பக்கம் நின்று வேலையை முடித்துக்கொண்டு போனார்கள்.

திறப்பு விழாவுக்கு முன்பே கழிப்பறையைத் திறந்துவிட்டார்கள். முதல் நாள் அம்சவல்லி தைரியமாக ரோட்டைத் தாண்டிப் போனாள். டீக்கடையில் பேச்சு நின்றது. பெஞ்சில் இருந்த கலியமூர்த்தி பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "இன்னா அம்சவல்லி, தொறந்திருக்குதா?" என்றான், ரொம்ப அக்கறையாக. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அம்சவல்லி கதவு வரைக்கும் போனவள், பஸ் வருகிறதா என்று பார்க்க வந்தவள் மாதிரி ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. காடும் இல்லை, கழிப்பறையும் இல்லை என்றானது.

"பாத்தியா, கட்டிக் குடுத்தாலும் போவ மாட்றாளுங்க," என்றார் புருஷோத்தமன் வீட்டில், நாலு இட்லியை உள்ளே தள்ளிக்கொண்டே. "பேசாம அத ரூமாக்கி டயம் கீப்பருக்குக் குடுத்துடலாம்னு தலைவரு சொல்றாரு. திறப்பு விழா முடியட்டும்னு இருக்காரு."

சுலோசனா கையிலிருந்த கரண்டி நின்றது. "நீ இன்னா சொன்ன?"

"சரிதான்னு சொன்னேன்."

"யாரக் கேட்டு சொன்ன?"

"யாரக் கேக்கணும்? நாலாவது வார்டு நானு."

"நீயா?"

புருஷோத்தமன் மெல்லுவதை நிறுத்தி யோசித்தார். பிறகு சட்னி கேட்டார்.

அந்த மாசக் கூட்டத்துக்கு சுலோசனா அளத்திலிருந்து நேராகப் போனாள். சேலை ஓரமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக நின்றது. உள்ளே நாற்காலிகளில் உறுப்பினர்களும், உறுப்பினர்களின் புருஷன்மார்களும் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள்.

புருஷோத்தமன் பதறி எழுந்தார். "இன்னா, வூட்ல எதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆவல. எந்திரிச்சது எந்திரிச்ச, அப்பிடியே நில்லு. அது என் நாற்காலியாமே, உக்காந்து பாக்கலாம்னு வந்தேன்."

உட்கார்ந்தாள். சமீபத்தில் மாற்றலாகி வந்திருந்த செயல் அலுவலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, மனு குடுக்கறதுன்னா திங்கக்கிழமை வரணும்."

"நான்தான் சார் நாலாவது வார்டு."

"அப்ப இவரு?"

"எங்க வூட்டுக்காரரு சார். இத்தினி நாளா எனக்குப் பதிலா மிக்சர் துன்னுக்கினு இருந்தாரு."

அலுவலருக்குச் சிரிப்பு வந்தது. தலைவர் சிரிக்காததால் அவரும் சிரிக்கவில்லை.

"இன்னா சுலோசனா, அளத்துல வேல இல்லியா?" என்றார் தேசப்பன்.

"முடிச்சிட்டுத்தான் வரேன் தலைவரே. பொம்பள கக்கூசு வாசல் டீக்கடைய பாத்துக்கினு இருக்குது. ஒருத்தியும் போவ முடியல. வாசல திருப்பி வையுங்க. இல்லன்னா முன்னாடி ஒரு செவுரு எழுப்புங்க. டயம் கீப்பருக்குக் குடுக்கற வேலயெல்லாம் வேணாம்."

"செவுரா? வாயு மூலைய அடைக்கக் கூடாதும்மா. சாமி கண்டிசனா சொல்லி இருக்காரு. அடைச்சா ஊருக்கு ஆவாது."

"நாங்க ஊர்ல சேத்தி இல்லியா? காலைலேர்ந்து அடக்கிக்கினு நிக்கிறோமே, அது மட்டும் ஆவுமா?"

அறையில் யாரோ இருமினார்கள். இரண்டாவது வார்டுக்காரர் சமாதானத்துக்கு வந்தார். "இன்னாம்மா நீ, இதுக்குப் போயி கூச்சப்பட்டா எப்பிடி? பட்டணத்துல பொம்பளைங்க போறதில்லியா?"

"சரிங்க. நாளைக்கு உங்க வூட்டம்மாவ அனுப்புங்க. நான் டீக்கடை பெஞ்சில உக்காந்து பாக்கறேன்."

இரண்டாவது வார்டு மிக்சரில் கடலை தேட ஆரம்பித்தது. "பரிசீலிக்கப்படும்" என்று எழுதச் சொன்னார் தேசப்பன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஐந்தாவது படித்தவளுக்கும் தெரியும்.

வெளியே வந்து காரில் ஏறப் போன தேசப்பன், அவளைப் பார்த்து நின்றார். "நாளைலேர்ந்து அளத்துக்கு வர வேணாம்."

"சரி தலைவரே. நான் மட்டுமா, எல்லாருமா?"

மாசி மாசம். பாத்தியெல்லாம் உப்பு விளைந்து கிடந்தது. அவள் நின்றால் கூடவே யார் யார் நிற்பார்கள் என்று தேசப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். "பேச்சுக்குச் சொன்னேன்," என்று கார்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீடு வரைக்கும் புருஷோத்தமன் புலம்பிக்கொண்டே வந்தார், மானம் போச்சு, மரியாதை போச்சு என்று. சுலோசனா காதில் அது விழவில்லை. கோபத்தில் தான் சொன்ன வார்த்தையே அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஏன், பார்த்தால் என்ன?

மறுநாள் அளத்து வேலை முடிந்ததும் பெண்கள் கூடையும் சும்மாடுமாக மரியதாஸ் கடைக்குள் நுழைந்தார்கள். இட்லி தின்ன வீட்டுக்குப் போன ஆண்கள் இரண்டாவது டீக்கு வருவதற்குள் இரண்டு பெஞ்சும் நிரம்பிவிட்டது.

"மரியதாசண்ணே, எல்லாருக்கும் டீ போடு. எனக்குச் சக்கர தூக்கலா," என்றாள் சுலோசனா.

"இங்கியா குடிக்கப் போறீங்க?" என்றார் மரியதாஸ்.

"டீக்கடையில டீ குடிக்காம துணியா வாங்குவாங்க?"

காசு கொடுக்கிறவர்களை எழுந்திருக்கச் சொல்ல எந்தக் கடைக்காரனுக்கும் வாய் வராது. போட்டுக் கொடுத்தார். டம்ளரைக் கையில் ஏந்திக்கொண்டு எல்லோரும் ஆண்கள் எந்தப் பக்கம் பார்ப்பார்களோ அந்தப் பக்கமே பார்த்தார்கள். பெஞ்சில் பெண்களே இருந்ததால் ஒருத்தி மாற்றி ஒருத்தி எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய்விட்டு வந்தார்கள். அம்சவல்லி இரண்டு முறை போனாள்.

கலியமூர்த்தி வந்தான். உட்கார இடம் இல்லை. நின்றபடியே டீ குடித்தான். பிறகு வழக்கம்போல எதிரே போய் வெளிச்சுவர் பக்கம் ஒதுங்கினான். பின்னால் பேச்சு நின்றது அவன் முதுகுக்குத் தெரிந்தது.

"இன்னா கலியமூர்த்தி, தொறந்திருக்குதா?" என்றாள் அம்சவல்லி.

பெஞ்சு இரண்டும் குலுங்கின. கலியமூர்த்தி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தான். அது கிழிந்துபோன போஸ்டர். ரொம்ப நேரம் படித்தான்.

திண்டிவனம் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி அதே சுவருக்கு ஓடினார். "யோவ் கண்டக்டரு, சீக்கிரம் ரைட்டு குடு, வண்டி கெளம்பணும்!" என்றாள் இன்னொருத்தி. அவர் வந்த வேகத்தில் பஸ்ஸில் ஏறிக்கொண்டு விசிலைப் பலமாக ஊதினார். இடுப்பளவுச் சுவருக்குள் போனவர்களுக்கும் விடுதலை இல்லை. தலை தெரிகிறதே. ஒவ்வொரு தலைக்கும் பேர் சொல்லி விசாரித்தார்கள், பெண்டாட்டி சுகமா, பிள்ளைகள் சுகமா என்று.

அந்த வாரம் முழுக்க இதுதான். ஊரின் ஆண்கள் பெட்ரோல் பங்க் தாண்டி நடந்தார்கள். புருஷோத்தமனுக்குச் சர்க்கரை வியாதி. நடக்கிற அவகாசம் கிடையாது. ஒரு காலையில் வெள்ளை வேட்டியும் வெளிறிய முகமுமாகக் கழிப்பறைக்கு எதிரில் வந்து, மனைவியைப் பார்த்துவிட்டு நின்றார். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

"போய்ட்டு வாயேன்," என்றாள் சுலோசனா. "இதுக்குப் போயி கூச்சப்பட்டா எப்பிடி? பட்டணத்துல ஆம்பளைங்க போறதில்லியா?"

அன்று சாயங்காலம் ஊர்ப் பெரிய மனுஷர்கள் திரண்டு தேசப்பன் வீட்டுக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆம்பளை மானத்தோடு நிற்க முடியவில்லை, திறப்பு விழாவுக்குப் பெரிய இடத்து விருந்தாளி வருகிற நேரத்தில் இந்தப் பொம்பளைகள் இப்படி உட்கார்ந்திருந்தால் ஊர் பேர் என்னாவது என்று முறையிட்டார்கள். தேசப்பன் பாண்டிக்கு போன் போட்டு, கழிப்பறைக்கு எதிரில் ஒரு சுவர் எழுப்பலாமா என்று கேட்டார். சாமி யோசிக்கவே இல்லை. மூடினால்தான் அது சுவர், முன்னால் தள்ளி நிறுத்தினால் அது வெறும் திரை, திரைக்கு சாஸ்திரத்தில் தடையில்லை என்றார். பெண்களுக்காகக் கேட்டபோது ஊரையே அழிக்க இருந்த வாயு, ஆண்கள் கேட்டதும் அடங்கி ஒடுங்கி வழிவிட்டது.

மறுநாளே கொத்தனார் வந்தார். செங்கல் இறங்கியது. சுவர் மளமளவென்று ஏறியது, ஆண்கள் பக்கம் மட்டும். தடுப்பு வரைக்கும் வந்து நூல் பிடித்தாற்போல நின்றுவிட்டது. சுலோசனா டம்ளரோடு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"மேஸ்திரி, மிச்சம்?"

"இவ்ளோதாம்மா கட்டச் சொன்னாங்க."

"முழுசா கட்டச் சொல்லு. இல்லன்னா திறப்பு விழா அன்னிக்கும் நாங்க இங்கதான் டீ குடிப்போம், விருந்தாளியோட சேந்துன்னு உங்க தலைவராண்ட போய் சொல்லு."

மேஸ்திரி போனார். திரும்பி வரும்போது பின்னால் இன்னொரு வண்டி செங்கல் வந்தது.

விழா அன்று காலையில் சுவர் முழுசாக நின்றது. சுண்ணாம்பு இன்னும் ஈரம். அதன் மேல் நீல எழுத்தில் எழுதியிருந்தார்கள்: பெண் பயணிகளின் நலன் கருதி எழுப்பப்பட்டது, பெருமுயற்சி கவுன்சிலர் புருஷோத்தமன். சுலோசனா எழுத்துக் கூட்டிப் படித்தாள். பக்கத்தில் புருஷோத்தமன் புது வேட்டியில், நானா எழுதச் சொன்னேன், அவர்களாக எழுதிவிட்டார்கள் என்கிற முகத்தோடு நின்றார். அவள் சுவரைச் சுற்றி உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"இன்னாய்யா இது, உள்ள இன்னும் தாப்பாளே வெக்கல?"

அதுவரைக்கும் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பூட்டுவதற்கு வெளிப்பக்கம் இரண்டு கொண்டி வைத்திருந்தார்கள். உள்பக்கம் வைக்க வேண்டும் என்று சாமிக்கும் தோன்றவில்லை, தலைவருக்கும் தோன்றவில்லை. உள்ளே போய்ப் பார்த்தவன் எவன்?

"விழா முடியட்டும், சொல்றேன்," என்றார் புருஷோத்தமன். ரோட்டுக் கோடியில் மேளம் கேட்க ஆரம்பித்திருந்தது.

"விழா முடிஞ்சா நீயே மறந்துடுவ. பெருமுயற்சின்னு எழுதி இருக்குதே, பண்ணு. ஆர்டுவேர் கடையில போய் வாங்கியா. மேஸ்திரி இருக்கறப்பவே மாட்டிடலாம்."

"எந்த சைசு வாங்கறது?"

"கதவ போய்ப் பாத்து அளந்துக்கினு போ."

"பொம்பள கக்கூசுக்குள்ளயா?"

"நாங்க வெளிய நிக்கறோம், போ. ஒருத்தரும் பாக்க மாட்டோம்."

வாசலில் அளத்துப் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். புருஷோத்தமன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தாழ்ப்பாளுக்கு வேண்டிய நீளத்தை அளந்து, கையை அப்படியே விரித்துப் பிடித்தபடி வெளியே வந்தார். மேளம் கிட்டே வந்துவிட்டது. தேசப்பன் மாலையைத் தூக்கிக் காட்டி, ஓடி வா, ஓடி வா என்று கூப்பிட்டார். புருஷோத்தமன் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தார்.

"யோவ்!" என்றாள் சுலோசனா. "கட இந்தாண்ட. வெரல மடக்கிடாத!"

விரித்த கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாண்டி பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, புருஷோத்தமன் ரோட்டைத் தாண்டினார்.